ஆபிரிக்காவிற் கேளாச் சிறாருக்குப் பாடசாலை கண்டவர்



1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் திகதி, பொற்கரை என வழங்கிய மேற்கு ஆபிரிக்க நாடு பிரித்தானியராட்சியினின்றும் நீங்கிக் கானா என்னும் பெயரோடு சுதந்திரம் எய்தியது. அதே ஆண்டிலே அந்நாட்டின் தலைநகராகிய அக்ராவுக்கு, முப்பது வயதைச் சற்றே கடந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு கிறித்தவ மிஷனரி. மூன்று பட்டங்கள் பெற்றவர். ஆயினும் அவருக்கு இரு செவியும் கேளா. வந்ததும் அவர் விசாரித்தது ஒன்றே: இந்நாட்டிலே காது கேளாத பிள்ளைகள் எங்கே இருக்கின்றார்கள்? அப்படிப்பட்ட பிள்ளைகள் இங்கே இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அவர் பெயர் அன்ட்ரூ ஃபொஸ்ரர். இன்றைய பேச்சு அவர் செய்த பணியைப் பற்றியது.

இல்லை என்று சொன்னவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தார்கள் என நாம் கொள்ள வேண்டியதில்லை. கால் முடமான பிள்ளையை நடையிலே காண்கிறோம். கண்ணிழந்த பிள்ளையைக் கைத்தடியிலே காண்கிறோம். காது கேளாத பிள்ளையோ எல்லாப் பிள்ளைகளையும் போலவே வீதியிலே ஓடுகிறது. மாம்பழத்துக்குக் கல் எறிகிறது. பின்னால் நின்று கூப்பிட்டாலன்றி அதன் குறை தோன்றாது. கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை மந்தபுத்தியுள்ளது என்று உலகம் எண்ணிவிடுகிறது. அத்தகைய பிள்ளையை வீட்டார் வெளியே விடுவதில்லை. நாணம் ஒரு காரணம். தெருவிலே அதற்கு ஏதேனும் நேருமோ என்னும் அச்சம் மற்றொன்று. இனி, அரசாங்கக் கந்தோரிலே கேட்டாற்றான் என்ன தெரியும்? பாடசாலை அதிபராகப் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையிலே ஒன்று சொல்வேன். எங்கள் இடாப்பிலே பாடசாலைக்கு வந்த பிள்ளைகளின் பெயர்கள் உண்டு. இடையில் நின்றவர்களின் பெயர்களும் உண்டு. ஒருநாளும் வராத பிள்ளைக்கு அங்கே ஒரு வரியேனும் இல்லை. ஏட்டிலே இல்லாத பிள்ளை நாட்டிலும் இல்லை என்றாகிவிடுகிறது.

ஃபொஸ்ரர் அந்த விடையை நம்பவில்லை. தேடத் தொடங்கினார், கண்டுபிடித்தார். அதனைக் கூறுமுன், காது கேளாமை என்பது ஒரு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். அது விளங்கினாலன்றி அவர் பணியின் அருமை விளங்காது.

தாய்மொழியை எவரும் நமக்குப் பாடமாகக் கற்பிப்பதில்லை. தொட்டிலிற் கிடக்கும்போதே அது செவிவழி நம்முள் வந்து குடிபுகுகிறது. நான்கைந்து வயதுக்குள் ஒரு குழந்தை, இலக்கணத்தின் பெயரே அறியாமல், இலக்கணம் பிழையாது பேசத் தொடங்கிவிடுகிறது. பிறவியிலேயே செவிப்புலனற்ற குழந்தைக்கு அந்த வாயில் அடைபட்டுக் கிடக்கிறது. அதன் அறிவுக்கு யாதொரு குறைவும் இல்லை. பார்க்கிறது, எண்ணுகிறது, கோபிக்கிறது, ஆசைப்படுகிறது. எண்ணியதைச் சொல்லுதற்குரிய மொழிதான் அதன் கைக்கு எட்டவில்லை. காது கேளாத பிள்ளைகளுள் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்று இத்துறை வல்லார் கூறுவர். ஆதலின் வீட்டிலே அதற்குச் சைகைமொழி சொல்லிக்கொடுக்க வல்லார் பெரும்பாலும் எவரும் இரார். உண்பது, உறங்குவது, வா, போ என்பவற்றுக்கு வீட்டார் சில கைச்சாடைகளை உண்டாக்கிக் கொள்வர். நேற்று என்பதற்கும், ஏன் என்பதற்கும், இறந்துபோன பாட்டி எங்கே போனாள் என்பதற்கும் அவ்வீட்டிலே சாடை இராது.

இன்னும் ஒன்று உண்டு. பெயர் என்பது ஓர் ஒலி. நம்மை யாரேனும் அவ்வொலியால் விளித்தபோதே நமக்கு ஒரு பெயர் உண்டு என அறிந்தோம். காது கேளாத பிள்ளைக்குப் பெற்றோர் அழகிய பெயர் ஒன்று சூட்டியிருப்பர். அப்பிள்ளையோ பத்து வயதிலும் தனக்கு ஒரு பெயர் உண்டென்று அறியாதிருத்தல் கூடும். இத்தகையோருக்கான வகுப்பிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர்க்குறி வழங்குவது வழக்கம். கன்னத்திலுள்ள மறு, நெற்றியிலுள்ள தழும்பு, சிரிக்கும் விதம் முதலிய ஏதேனும் ஒன்றைக் கொண்டு அக்குறி அமையும். நான் என்று தன்னைச் சுட்டவும், எதிரே இருப்பவனை அவன் பெயரால் அழைக்கவும் அன்றைக்கே அப்பிள்ளை கற்றுக்கொள்கிறது.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டுக் கல்வி வாய்க்காதவனும் கற்றோர் வாய்க் கேட்டு அறிவு பெறலாம் என்பது அதிலே அவர் காட்டும் வழி. அவ்வழியும் அடைபட்டவன் யாது செய்வான் என்னும் வினாவுக்கு, நெடுங்காலம் உலகில் எவரும் விடை தேடவில்லை.

தேடியவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர், பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரில் வாழ்ந்த தெ லெப்பே என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். அந்நகரத்துச் செவிப்புலனற்றோர் தம்முள் கையாலே உரையாடுவதைக் கண்டு, அக்கைச்சைகைகளையே கருவியாகக் கொண்டு அவர் கற்பித்தார். அவர் தொடக்கிய பாடசாலையிற் பயின்று ஆசிரியரான லோரன் கிளேர் என்பவரை, தொமஸ் கலடெற் என்னும் அமெரிக்கக் குருவானவர் தம் நாட்டுக்கு அழைத்துச் சென்றார். கிளேர் தாமும் காது கேளாதவரே. இருவருமாக 1817இலே ஹாட்ஃபட் என்னும் ஊரில் ஒரு பாடசாலை நிறுவினர். 1864இலே ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட சட்டத்தின்படி வாஷிங்ரனில் செவிப்புலனற்றோருக்குப் பட்டம் அளிக்கும் கல்லூரி தோன்றியது. அதுவே பின்னர்க் கலடெற் கல்லூரி எனப் பெயர் பெற்று, இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

இப்படி நன்றாக ஓடிய தேர் 1880இலே தடம் புரண்டது. அவ்வாண்டு இத்தாலியிலே மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, கைச்சைகை கல்விக்குக் கேடு. வாய்ப்பேச்சே கற்பிக்கப்பட வேண்டும். பிறர் உதட்டசைவைப் பார்த்தே பிள்ளைகள் பொருள் அறிய வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே கூடியவர் 164 பேர் என்பர். அவருள் காது கேளாதவர் ஒருவரே. அமெரிக்கப் பேராளர்கள் இணங்கவில்லை. எனினும் ஐரோப்பா முழுவதும் அத்தீர்மானத்தை ஏற்றது. பாடசாலைகளிலே செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பேசத் தெரியாதவன் பேச்சைக் கற்பிப்பது எங்ஙனம் என்பது கேள்வி. பிள்ளைகள் கை அசைத்தாற் கண்டிக்கப்பட்டனர்.

உதட்டசைவு வாசித்தல் எத்துணைக் கடினம் என்பதை அறிய விரும்புவோர், கண்ணாடி முன் நின்று ஒலி எழுப்பாது பாலை என்றும் மாலை என்றும் சொல்லிப் பார்க்கட்டும். படம், மடம், பணி, மணி, இவற்றையும் சொல்லட்டும். இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். ககரமோ தொண்டைக்குள்ளே பிறப்பது. அதனை உதட்டிலே தேடிப் பயனில்லை. சில பிள்ளைகள் அரிய உழைப்பாலும் நல்ல ஆசிரியராலும் இதிலே தேர்ச்சி பெற்றனர் என்பதை மறுத்தலாகாது. பேசக் கற்றபின் செவிடானவர்களுக்கும், சிறிதே கேட்பவர்களுக்கும் அது பெரிதும் பயன்பட்டது. பிறவியிலே கேளாதாருட் பெரும்பாலோர்க்கோ, பல ஆண்டு உழைத்துச் சில சொற்களை உச்சரித்ததே மிச்சம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் மிஷனரிமார் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நிறுவிய பாடசாலைகளிற் பல, மிலான் கொள்கையைத் தம்முடன் எடுத்துச் சென்றவையே. அவர்களைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அவர்கள் வந்திராவிடின் அப்பிள்ளைகளுக்குப் பாடசாலையே இருந்திராது. எம் நாட்டிலே 1912இல் மேரி சாப்மன் அம்மையார் தொடக்கிய பணியே இரத்மலானைப் பாடசாலையாக வளர்ந்தது. அவ்வம்மையார் 1920இலே பர்மாவுக்குச் சென்று இரங்கூனிலும் ஒரு பாடசாலை கண்டார். தம் ஊரும் உறவும் துறந்து வந்த இத்தகையோர் பெரும்பாலும் காது கேட்பவர்கள். காது கேளாதார் உலகினை வெளியே நின்று நோக்கியவர்கள். ஃபொஸ்ரர் உள்ளே இருந்து வந்தவர். அவர் வேறுபடும் இடம் இதுவே.

ஃபொஸ்ரர் 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பதினொரு வயதிலே மூளையுறைக் காய்ச்சல் கண்டு, அவரும் அவர் தம்பியும் ஒருங்கே செவிப்புலன் இழந்தனர். அக்காலத்து அலபாமாவிலே வெள்ளையருக்கு ஒரு பாடசாலை, கறுப்பருக்கு வேறொரு பாடசாலை. தலடீகா என்னும் ஊரில் கறுப்பினச் செவிப்புலனற்றோருக்கென இருந்த பாடசாலையிலே ஆறாம் வகுப்புக்கு மேல் கல்வி இல்லை. பதினேழு வயதிலே அவர் வடக்கே டெற்ரோயிற் நகரிலிருந்த உறவினரிடம் சென்று, தொழிற்சாலையிலே வேலை செய்தார். அங்கே ஒரு ஞாயிறு பாடசாலையில், யமேக்காவிலிருந்து வந்த மிஷனரி ஒருவர் அத்தீவிலுள்ள செவிப்புலனற்றோரின் அவலத்தை எடுத்துரைத்தாராம். அன்று விழுந்த வித்து நெஞ்சிலே தங்கிவிட்டது.

கலடெற் கல்லூரிக்கு அவர் விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதனால் மறுக்கப்பட்டார். மீண்டும் விண்ணப்பித்தார், மீண்டும் மறுக்கப்பட்டார். பகலிலே உழைத்துத் தபால் மூலம் உயர்தரப் பாடங்களைக் கற்று, 1951இல் அச்சான்றிதழைப் பெற்றார். அவ்வாண்டே கலடெற் கல்லூரி உபகாரச் சம்பளத்துடன் அவரை ஏற்றது. 1954இலே அங்கே கலைமாணிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அடுத்த ஆண்டு மிச்சிகனிலே முதுமாணிப் பட்டமும், அதற்கடுத்த ஆண்டு சியாற்றிலிலே கிறித்தவ மிஷன் பணி பற்றிய பட்டமும் பெற்றார். 1956இலே ஆபிரிக்கச் செவிப்புலனற்றோருக்கான கிறித்தவ மிஷன் என்னும் சிறு சங்கத்தை டெற்ரோயிற்றில் நிறுவினார். ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் இத்தனையையும் முடித்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அக்ராவிலே அவருக்குக் கட்டடம் இல்லை. ஒசு என்னும் பகுதியிலே பிரெஸ்பிற்றேரியன் சபையாரின் பாடசாலை ஒன்று இருந்தது. அங்கே பகல்வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு சென்றபின், வெறுமையான வகுப்பறையை இரவலாகக் கேட்டுப் பெற்றார். அங்கே வந்து கூடியவர்களிலே சிறுவரும் இருந்தனர், வளர்ந்தவர்களும் இருந்தனர். அதுவரை ஒருவரையொருவர் கண்டிராதவர்கள். செய்தி பரவவே, இல்லாத பிள்ளைகள் என்று கூறப்பட்டவர்களைக் கையிற் பிடித்துக்கொண்டு பெற்றோர் வரலாயினர். இடம் போதவில்லை. 1959இலே அக்ராவின் வடக்கே அக்வப்பிம் மலைத்தொடரிலுள்ள மம்பொங் என்னும் ஊரிலே அது விடுதிப் பாடசாலையாக நிலைபெற்றது. கொக்கோப் பயிருக்கும் அவ்வூரே பேர்போனது. 1879 அளவிலே தெற்றே குவாஷி என்பவர் கடல் கடந்து கொணர்ந்த கொக்கோ விதை அங்கேதான் முளைத்து, பின்பு அந்நாட்டின் செல்வமாயிற்று.

அவருடைய வகுப்பு நடந்த முறையிலே விந்தையொன்றும் இல்லை. பொருளைக் காட்டுதல், அதற்குரிய சைகையைக் காட்டுதல், விரலெழுத்தினாலே பெயரைக் கூட்டுதல், கரும்பலகையில் எழுதுதல். பேச்சையும் அவர் விலக்கவில்லை. எவ்வழியிற் பொருள் போய்ச் சேருமோ அவ்வழியெல்லாம் கொள்க என்பது அவர் போக்கு. ஆனாற் சைகையே முதற்கால் ஊன்றியது. ஆசிரியர் தாமும் காது கேளாதவர் என்பதைப் பிள்ளைகள் கண்ணாற் கண்டனர். தம்மைப்போன்ற ஒருவர் எழுதுகிறார், வாசிக்கிறார், விமானமேறிப் பிறநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்பதே ஒரு பாடம். வளர்ந்தபின் தாம் என்னாவோம் என்று அப்பிள்ளைகள் எண்ணிப்பார்க்க, அதுவரை அவர்கள் முன் எவர் இருந்தார்?

இங்கே சைகைமொழி பற்றி ஒரு வார்த்தை. அது பேச்சின் உடைந்த துண்டு எனவும், குரங்காட்டம் எனவும் பலர் கருதியிருந்தனர். கலடெற் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்ரோக்கி என்பவர் 1960இலே ஓர் ஆராய்ச்சி வெளியிட்டு, அமெரிக்கச் சைகைமொழி தனக்கென அமைப்புடைய மொழியே என நிறுவினார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் ஆகிய மூன்றும் எழுத்துப்போல் நின்று சொல்லைப் பிறப்பிக்கின்றன என்றார். விரித்த கையின் பெருவிரல் நெற்றியிலே பட்டாற் தந்தை. அதே கை மோவாயிலே பட்டாற் தாய். பாலையும் மாலையும் ஓரெழுத்தால் வேறுபடுவதுபோல, இடம் ஒன்று மாறவே பொருள் மாறுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் இத்தகைய மொழிகள் வெவ்வேறாக உள்ளன. ஆராய்ச்சி அச்சேறுமுன்னரே ஃபொஸ்ரர் அம்மொழியிலே கற்பித்துக்கொண்டிருந்தார் என்பது நோக்கத்தக்கது.

கானாவோடு அவர் நிற்கவில்லை. 1960 முதல் நைஜீரியாவிலே இபாதான், கடுனா, எனுகு ஆகிய மூன்று நகரங்களிலே பாடசாலைகள் எழுந்தன. பின்னர் லைபீரியா, ஐவரி கோஸ்ற், தோகோ, பெனின், சாட், கமரூன், மத்திய ஆபிரிக்கக் குடியரசு எனப் பணி பரந்தது. எல்லாமாக 13 நாடுகளில் 31 பாடசாலைகள் என்பர். 32 என்பாரும் உளர். ஒரு நாட்டுக்குச் சென்று, அதிகாரிகளைக் கண்டு, இரவல் அறையொன்றிலே வகுப்பைத் தொடங்கி, அந்நாட்டவர் ஒருவரிடம் ஒப்படைத்து, அடுத்த நாட்டுக்குப் புறப்படுவது அவர் வழக்கமாயிற்று. ஆண்டில் ஏறத்தாழப் பாதியை ஆபிரிக்காவிற் கழிப்பார். மீதியை அமெரிக்காவிலே ஆலயம் ஆலயமாகச் சென்று பணம் திரட்டுவதிற் கழிப்பார். அவர் மனைவி பேர்ட்டா அம்மையார் ஜேர்மனியர். அவருக்கும் காது கேளாது. 1959இலே வீஸ்பாடன் நகரில் நடைபெற்ற உலகச் செவிப்புலனற்றோர் மாநாட்டிலே சந்தித்த இருவரும் 1961இலே நைஜீரியாவில் மணம் புரிந்தனர். ஐந்து மக்கள். இல்லறத்தின் பாரத்தை அமெரிக்காவிலிருந்து சுமந்தவர் அம்மையாரே என்பதை வரலாறு எழுதுவோர் ஒரு வரியிலே சொல்லிப் போய்விடுகின்றனர்.

கட்டடங்களிலும் பெரிதாக நான் மதிப்பது அவருடைய ஆசிரியர் பயிற்சியை. இபாதானிலே எழுபதுகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பயிற்சிப் பாடம் நடைபெற்றது. பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளிலிருந்தும் செவிப்புலனற்ற இளைஞர்கள் அங்கே வந்து பயின்று, தத்தம் நாட்டுக்கு மீண்டு ஆசிரியராயினர். சிலர் பாடசாலைத் தலைவருமாயினர். மிலான் மாநாட்டின் விளைவாக வகுப்பறையினின்றும் வெளியேற்றப்பட்ட செவிப்புலனற்ற ஆசிரியர், ஆபிரிக்காவிலே கரும்பலகையின் முன் மீண்டும் வந்து நின்றார். ஆசிரியரைப் பிறநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் பாடசாலை, அந்த ஆசிரியர் கப்பலேறிய நாளிலே மூடப்பட்டுவிடும் என்பதை எம்மவரும் அறிவர்.

இனி, இப்பணியை எல்லோரும் வாயாரப் புகழ்ந்தனர் என்று கொள்ளற்க. இரண்டு ஆட்சேபங்கள் உண்டு; இரண்டும் புறக்கணிக்கத் தக்கனவல்ல.

ஃபொஸ்ரர் கொண்டுசென்ற மொழி அமெரிக்காவின் சைகைமொழி. ஆபிரிக்காவிலே சைகைமொழிகள் இல்லாமலிருந்தனவா? மம்பொங்குக்குத் தொலைவில்லாத அடமொரோபே என்னும் சிற்றூரிலே, பரம்பரையாகக் காது கேளாமை மிகுதியாக உண்டு. அங்கே கேட்போரும் கேளாதோரும் சேர்ந்து பல தலைமுறைகளாக ஒரு சைகைமொழியை வழங்கி வந்துள்ளனர். மிஷனரி எவரும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. அவ்வூரிலே காது கேளாதவன் ஊர்க்கதை அறியாதவனாக இருந்ததில்லை. பிற்காலத்திலே அவ்வூர்ப் பிள்ளைகள் மம்பொங் விடுதிக்குச் சென்று, அமெரிக்கச் சைகையின் வழிவந்த கானாச் சைகைமொழியைக் கற்று மீள்கின்றனர். ஊர்மொழியைக் கையாள்வோர் தொகை குறைந்து வருகிறது என மொழியியலாளர் கவலை தெரிவிக்கின்றனர். ஒரு மொழியைக் கொடுத்த கை வேறொன்றை எடுத்தும் கொண்டது என்பது இவ்விடத்தில் உண்மையே.

இதற்கு மறுமொழியாகச் சொல்லத்தக்கதும் உண்டு. கமேய் நொபுடக்கா என்னும் யப்பானிய மானிடவியலாளர் மேற்கு, நடு ஆபிரிக்க நாடுகளிலே செவிப்புலனற்றோரிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர். அமெரிக்கச் சைகை அங்கே அப்படியே நிலைத்துவிடவில்லை என்றும், ஆபிரிக்க ஆசிரியர்கள் தம் நாட்டுச் சைகைகளையும் கலந்து அதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்றும் அவர் காட்டுகிறார். பிரெஞ்சு நாடுகளிலே பிரெஞ்சுச் சொற்களோடு இணைந்து அது வேறொரு கிளையாகவே வளர்ந்துள்ளது. அன்றியும் அடமொரோபே போன்ற ஊர்கள் மிகச்சில. அக்ரா நகரத்திலே ஒரு வீட்டின் பின்னறையிலே தனியே இருந்த பிள்ளைக்கு இழப்பதற்கு என்ன மொழி இருந்தது? என் மனம் ஃபொஸ்ரரின் பக்கமே சாய்கிறது. எனினும் அவ்வூர் மொழியையும் வகுப்பறைக்குள் அழைத்திருக்கலாம் என்ற எண்ணம் நீங்குவதில்லை. தாய்மொழிக் கல்விக்காக வாதாடிய எங்களுக்கு, கையாற் பேசும் தாய்மொழி வேறு நியாயத்துக்குரியது என்று கூற வாயில்லை.

மற்ற ஆட்சேபம் சமயம் பற்றியது. ஃபொஸ்ரர் பாடசாலையையும் ஆலயத்தையும் வேறாகக் கருதியவரல்லர். கிறித்துவின் செய்தியைக் காது கேளாதார்க்குச் சேர்ப்பதே தம் அழைப்பு என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். இதில் ஒளிவுமறைவு இல்லை. வேறு மிஷன் பாடசாலைகளிலும் இவ்வாறே என்று நாம் கடந்துபோகலாம். எம்மிற் பலர் அத்தகைய பாடசாலைகளிலே வேதபாடம் கேட்டு, வீட்டுக்கு வந்து திருநீறு பூசி வளர்ந்தவர்களே. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. எமக்கு வீட்டிலே ஒரு மொழி இருந்தது. பாட்டி சொன்ன கதை இருந்தது. ஆசிரியர் சொன்னதை அதனோடு வைத்து நிறுத்துப் பார்த்தோம். காது கேளாத பிள்ளைக்குக் கடவுள் என்னும் எண்ணமும், அதற்கான சொல்லும், அதனை விளக்கும் கதையும் ஒரே கையிலிருந்தே வருகின்றன. கடுனாவைப் போன்று இசுலாமியர் மிகுந்த நகரிலே, தந்தை தொழும் தொழுகையின் பொருளை அப்பிள்ளைக்குச் சொல்லத் தந்தையாலேயே இயலாது. ஆசிரியரின் பொறுப்பு அவ்விடத்திலே எத்துணைப் பெரிது என்பதை எண்ணும்போது அச்சமுண்டாகிறது. அதற்குரிய பரிகாரம், பாடசாலையை மூடுவதிலும் பார்க்கத் தந்தைக்கும் அந்தச் சைகைகளைக் கற்பிப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோருக்குச் சைகைமொழி வகுப்பு வேண்டும் என்று இத்துறையினர் இன்று எங்கும் வற்புறுத்துகின்றனர்.

பணமும் எப்பொழுதும் போதியதாக இருந்ததில்லை. நன்கொடையிலே நடக்கும் பாடசாலையில் ஆசிரியர் சம்பளம் நன்கொடை வரும் நாளை எதிர்பார்த்து நிற்கும். கானாவிலே அரசாங்கம் பொறுப்பேற்றதால் மம்பொங் நிலைபெற்றது. ஃபொஸ்ரர் 1965 வரை அங்கே தலைமை தாங்கினார். பின்பு உயர்தரத் தொழினுட்பக் கல்விக்கும் அவ்வூரிலே செவிப்புலனற்றோருக்கெனத் தனிப் பாடசாலை உண்டாயிற்று.

1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆந் திகதி, ருவாண்டா நாட்டிலே நிகழ்ந்த விமான விபத்தில் ஃபொஸ்ரர் உயிர் நீத்தார். கென்யாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சிறு விமானம் அது. பேர்ட்டா அம்மையார் சங்கத்தின் பணியைத் தொடர்ந்தார். ஒருகாலத்திலே கதவடைத்த கலடெற் நிறுவனம் 1970இலே அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியிருந்தது. 2004இலே தன் மண்டபமொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. மிலான் தீர்மானங்களோ 130 ஆண்டுகள் நின்றன. 2010இலே கனடாவின் வன்கூவர் நகரிற் கூடிய அதே மாநாட்டு வரிசையினர் அவற்றை நிராகரித்து வருத்தம் தெரிவித்தனர்.

இப்பேச்சு வானொலியிலே ஒலித்தபோது, இது யாரைப் பற்றியதோ அவர்களுள் ஒருவரும் இதனைக் கேட்டிருக்க மாட்டார். நூலிலே அச்சேறும் பொழுது, இரத்மலானையிலும் கைதடியிலும் எழுத்தறிந்த பிள்ளைகள் சிலரேனும் வாசிக்கக்கூடும்.